மோடத்தை அணைத்த கை

ஒரு மனிதர் தப்பு செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் முகம் தெரியாத பலருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் அவர் பெயர் கெடும். எவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். உதவுமா என்பதும் சந்தேகம்தான்.

நான் வேலூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். தோல் தொழிற்சாலைகளில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதியை ஈ.டி.பி. என்பார்கள். அங்கிருந்து வெளியேறும் நீரை அளந்து, அந்த ரீடிங்கை இணையம் வழியாகக் கண்காணிப்பு சர்வருக்கு அனுப்பும் பெட்டி எங்களுடையது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமில் ஒரு பகுதிதான் நாங்கள் எழுதியது. ரீடிங்கை வழியில் யாரும் மாற்றிவிடாதபடி பூட்டி அனுப்பும் வேலையை ஓப்பன் சோர்ஸ் கிரிப்டோகிராஃபி லைப்ரரி ஒன்று, அதாவது வேறு சிலர் எழுதிப் பொதுவில் வைத்த தயார் புரோகிராம், செய்கிறது. உலகம் முழுக்க எத்தனையோ கருவிகளில் அது இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இலவசம். அதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்பவர்கள்.

1. பெட்டி இருட்டானால்

எங்கள் பகுதியில் ரீடிங் நின்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ மீட்டரை அணைத்துவிட்டு, சுத்தம் செய்யாத தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வேறு காரணம் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

அன்று காலை என் மகள் மித்ராவுக்குச் சளி. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முதலாளி சுந்தர் சார் கூப்பிட்டார். "ரேவதி, ஆம்பூர் கிளம்பு. நம்ம பொட்டிய ஆபரேட்டரே ஆஃப் பண்றாராம். மேனேஜர் செம டென்ஷன்ல இருக்காரு."

நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் இம்தியாஸ் பாய் செல்போனில் சி.சி.டி.வி. பதிவை ஓட்டிக் காட்டினார். ஆபரேட்டர் சேகர் அண்ணன் சுவரோரமாக நின்றிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, ரப்பர் பூட்ஸ்.

"பாருமா. இவன் கை பேனல் பக்கம் போகுது. அடுத்த நிமிஷம் ரீடிங் காலி. ஒரு தடவ இல்ல, நாலு தடவ."

"பாய், நான் மோடத்த மட்டும்தான் ஆஃப் பண்ணேன்" என்றார் சேகர் அண்ணன். "புளோயர் ஸ்டார்ட் பண்றப்போ கரண்டு ஒரு தூக்கு தூக்குது. போன மழையில ரெண்டு மோடம் புகைஞ்சுச்சு. அப்போ என்னைத் திட்டுனது யாரு?"

"அப்போ நான் உன்னத் திட்டுனேன். இப்போ ஓனர் என்னைத் திட்டுறாரு. அதவிட இது ஜாஸ்தி."

சேகர் அண்ணன் சொன்னது உண்மையான பழக்கம். தண்ணீருக்குள் காற்றை அடிக்கும் புளோயர் பெரிய மோட்டார். அதை ஓடவிடுவதற்கு முன் மோடத்தை அணைத்து, பிறகு போடுவது இங்குள்ள ஆபரேட்டர்கள் பலருடைய வழக்கம். பொறுப்பானவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். எங்கள் கையேட்டில் அது இல்லை. ஆனால் அதனால் ரீடிங் தொலையக் கூடாது. பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. இணையம் இல்லாத நேரத்து ரீடிங்கைச் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். அதனால்தான் பாய் அவரை நம்பவில்லை.

"கூப்பிடுற வரைக்கும் வீட்ல இரு" என்றார் பாய்.

அதற்குள் யாரோ அந்தப் பதிவை ஊர் மேனேஜர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "மீட்டர ஆஃப் பண்ற ஆளு. உஷார்" என்று கீழே ஒரு வரி.

வாசல் வரை வந்த சேகர் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மேடம், பொது சுத்திகரிப்பு பிளான்ட்ல எனக்கு வேலை சொல்லியிருக்காங்க. பகல் ஷிஃப்ட் மட்டும். வீட்டுக்காரிக்குக் கண்ணு மங்கிக்கினே வருது, ராத்திரில தனியா உட முடியல. அந்த குரூப்ல பிளான்ட்காரங்களும் இருக்காங்க."

2. சிவப்புச் சீட்டு

பெட்டியின் பதிவுகளை அலுவலகத்துக்கு எடுத்து வந்து பார்த்தேன். மோடத்தை அணைக்கும்போது எதுவும் ஆகவில்லை. திரும்பப் போடும்போதுதான் பெட்டி விழுந்து, அதாவது புரோகிராம் அப்படியே நின்றுபோய், சேர்த்துவைத்த ரீடிங்கையும் இழந்து, புதிதாக எழுந்தது.

இணைப்பு வந்ததும், சர்வர் உண்மையானதுதானா என்று அறிய, பெட்டி முதலில் அதன் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும். அந்தச் சான்றிதழைச் சமீபத்தில் புதுப்பித்திருந்தார்கள். அதில் இருந்த பெயர் பழையதைவிட நீளம். லைப்ரரி அந்தப் பெயருக்கு மெமரியில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. புதிய பெயர் அந்த இடத்தைச் சரியாக நிரப்பிவிட, "இத்தோடு முடிந்தது" என்ற குறியை வைக்க இடமில்லாமல் போனது.

இதைப் பிறகு பாய்க்கு நான் குடோனை வைத்துத்தான் விளக்கினேன். ஒரு பார்ட்டியின் தோல் அடுக்கு முடியும் இடத்தில் சிவப்புச் சீட்டு செருகுகிறோம். அந்தச் சீட்டு இல்லையென்றால், எண்ணுகிற ஆள் அடுத்த பார்ட்டியின் தோலையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போவார். லைப்ரரி அதைத்தான் செய்தது. குறி கிடைக்காமல் அடுத்தடுத்த மெமரியைப் படித்துக்கொண்டே போனது. சில சமயம் பெட்டி விழுந்தது. விழாத சமயங்கள்தான் மோசம். அடுத்த அடுக்கில் பூட்டின் ரகசியச் சாவியே இருக்கலாம். தெரிந்து ஒருவன் இப்படி ஒரு சான்றிதழைத் தயாரித்து நீட்டினால் அது அவன் கைக்குப் போகலாம்.

என் தவறாகத்தான் இருக்கும் என்றே முதலில் நினைத்தேன். இத்தனை பேர் படித்த புரோகிராமில் எனக்கு மட்டுமா இது தெரியும்? மெமரிப் பிழையைக் காட்டும் கருவியை வைத்து மறுபடி மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் அதே வரியில் நின்று கத்தியது. லைப்ரரியின் பாதுகாப்பு முகவரிக்கு எழுதினேன். அனுப்பிய பிறகும் ஏதாவது உளறியிருக்கிறேனா என்று பலமுறை படித்துப் பார்த்தேன்.

வேறு தேசத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினார். நான் சொன்னது சரி, நன்றி, திருத்தம் வெளியாகும் வரை விவரத்தைத் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். எங்கள் துறையில் இது எழுதாத சட்டம். பூட்டைச் சரிசெய்வதற்கு முன் அது எப்படித் திறக்கிறது என்று தெருவில் சொல்லக் கூடாது.

3. பாய் கையாலேயே

காரணத்தைச் சொல்லக் கூடாது. ஆனால் சேகர் அண்ணனை வீட்டில் உட்காரவிடவும் மனமில்லை. கோளாறு நம் பெட்டியில்தான் என்று மட்டும் பாயிடம் சொல்லலாமா என்று சுந்தர் சாரிடம் கேட்டேன். "நம்ம பொட்டில கோளாறுன்னு நாமளே சொன்னா யாரு வாங்குவாங்க?" என்றார். பிறகு அவரே, "அந்தாளு பொழப்பு போவுதே. சொல்லிடு" என்றார்.

ஆம்பூர் போய், சேகர் அண்ணனையும் வரச்சொன்னேன். "பாய், இன்னிக்கு நீங்களே மோடத்த ஆஃப் பண்ணிப் போடுங்க. அண்ணா, நீங்க தள்ளி நில்லுங்க" என்றேன்.

சேகர் அண்ணன் இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். பாய் மோடத்தை அணைத்தார், போட்டார். ரீடிங் வந்தது. "இன்னாமா, ஒண்ணும் ஆவலையே?" என்றார். மறுபடி செய்தார். மூன்றாவது தடவை பெட்டியின் திரை இருண்டது.

சேகர் அண்ணன்தான் முதலில் பேசினார். "பாய், கூப்பிடுற வரைக்கும் நீங்களும் வீட்ல இருங்க."

பாய் சிரித்துவிட்டார். எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டேன்பா. நாளைக்கே டூட்டிக்கு வா" என்றார். பிறகு போனை எடுத்தார். "இரு, இத வீடியோ எடுத்து குரூப்ல போடுறேன்."

"வேணாம் பாய்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஏன்மா? பழி போட்டது அந்த குரூப்லதான். அங்கயேதான் துடைக்கணும்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் குரூப்பில் இருந்தவர்களில் பலரிடம் வேறு கம்பெனிப் பெட்டிகள் இருந்தன. அவற்றிலும் அதே லைப்ரரி. மோடத்தை அணைத்துப் போட்டால் ரீடிங் தொலையும் என்று தெரிந்தால், உண்மையிலேயே மறைக்க நினைப்பவனுக்கு அது வழி. விவரம் தெரிந்தவன் பார்த்தால் அதைவிடப் பெரிய வழி.

"காரணத்த இப்போ சொல்ல முடியாது பாய். வேற ஊர்ல, வேற மிஷின்ல இருக்கிறவங்களுக்கு ஆபத்து. எடுத்து வெச்சுக்குங்க, போடுறதுக்குக் கொஞ்ச நாள் பொறுங்க."

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். "எவ்ளோ நாள் மேடம்?"

"தெரியலண்ணா."

"கண்ணு டாக்டர் மாதிரியே பேசுறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

4. காத்திருந்தது

அன்றே எங்கள் பெட்டிகளில் அந்தப் பிழை வரும் பாதையைத் தற்காலிகமாக அடைத்தேன். பாய் குரூப்பில் எழுதினார்: "மிஷின் கோளாறு. சேகர் மேல தப்பு இல்ல." சுந்தர் சாரும் தன் குரலில் அதையே பேசி அனுப்பினார். "இன்னா கோளாறு?" என்று கேட்டார்கள். "அப்பால சொல்றேன்" என்று மட்டும் பாய் எழுதினார். "நல்ல மிஷினு! கை பட்டா மட்டும் மறக்குது" என்றார் ஒருவர். "உங்க ஆளுன்னு மூடி மறைக்காதீங்க பாய்" என்றார் இன்னொருவர். காரணம் இல்லாத உண்மையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சேகர் அண்ணன் போன் செய்தார். "பொது பிளான்ட்ல 'அப்புறம் சொல்றோம்'னாங்க மேடம். அப்புறம்னா இன்னான்னு எனக்குத் தெரியும்." என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். முதல் நாள் நான் பேச்சுவாக்கில் சொன்னதை நினைவு வைத்து, "பாப்பாவுக்குச் சளி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் அந்த வெளிநாட்டுக்காரருக்கு சேகர் அண்ணனைப் பற்றி எழுதினேன். பிழை அறிக்கையில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்ற தயக்கத்தோடுதான் எழுதினேன். அவர் எழுதிய பதிலின் சாரம் இது: நாள் முழுக்க இதையே யோசித்தேன். நீங்கள் சொல்லலாமா கூடாதா என்று எனக்கும் தெரியவில்லை. என்னால் முடிந்தது, வேலைக்கு லீவு போட்டுச் சீக்கிரம் முடிப்பதுதான். அப்படியே செய்தார். எதிர்பார்த்ததைவிட முன்னதாகத் திருத்தம் வந்தது.

நானும் எங்கள் அலுவலகத்து இன்னொரு பையனும் ஆலை ஆலையாகப் போய் எங்கள் பெட்டிகளைப் புதுப்பித்தோம். வேறு பெட்டிகளின் கம்பெனிகளுக்கும் செய்தி போய், அவர்களும் புதுப்பித்த பிறகு பாயிடம், "இப்போ போடுங்க" என்றேன். அவர் வீடியோவைப் போட்டு, முழுக் காரணத்தையும் சிவப்புச் சீட்டுக் கதையோடு பேசினார். கேலி செய்த அதே ஆட்கள் வரிசையாகக் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். பொது பிளான்ட்டிலிருந்தும் ஒருவர் அனுப்பியிருந்தார்.

அந்த வேலைக்கு அதற்கு முந்தைய வாரமே வேறு ஆள் சேர்ந்துவிட்டார்.

சேகர் அண்ணன் இன்னும் அதே ஈ.டி.பி.யில்தான் இருக்கிறார். பாய் முடிந்தவரை பகல் ஷிஃப்ட் போடுகிறார். எல்லா வாரமும் முடிவதில்லை. அந்த வாரங்களில் பக்கத்து வீட்டுப் பெண் அவர் மனைவிக்குத் துணையாகப் படுத்துக்கொள்கிறார்.

திருத்தத்தின் அறிவிப்பில், கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். சேகர் அண்ணன் அதை யாரிடமோ வாங்கி, "எங்க மேடம்" என்று எழுதித் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

இதிலிருந்து கற்றது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் பிழை அறிக்கை எழுதும்போது, எந்த மெமரி, எந்த வரி என்பதற்கு முன்னால், இந்தப் பிழைக்காக யார் மீது பழி விழுந்திருக்கிறது என்று எழுதுகிறேன். புளோயர் போடும் முன் மோடத்தை அணைக்கும் பழக்கத்தையும் எங்கள் கையேட்டில் சேர்த்துவிட்டோம்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த வீடியோவை அன்றே போடவிட்டிருந்தால், யாருக்கும் எதுவும் ஆகாமலே போயிருக்கலாம். ஆகியும் இருக்கலாம். அது எனக்குத் தெரியவரப்போவதில்லை. மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஆலையிலோ இப்படிச் சொல்ல முடியாத உண்மை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். டீ கிளாஸைப் பிடித்தபடி அவர் "எவ்ளோ நாள் மேடம்?" என்று கேட்டபோது, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?