ஒற்றைக் காதுடன் ஒரு தோட்டம் வரை

காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரில் ஏறிய ரயில் பதினொன்றரைக்கு என்னை ஈப்போவில் இறக்கியது. இருநூறு கிலோமீட்டர் தூரம், நாற்பத்தாறு ரிங்கிட் கட்டணம். ஊர் நெருங்கும்போது சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. அடிவாரமும் சரிவும் இல்லாமல் சமவெளியில் நட்டு வைத்தாற்போல் நிற்கும் மலைகள். பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பெண்மணி வழியில் என்னிடம் ஏதோ பேசியிருக்கிறார். அவர் என் வலப்பக்கம் இருந்தார். இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் தூங்கி எழுந்தபோது என் வலது காது கேட்கவில்லை. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். அதுவரை சென்னையில் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்துகொண்டிருந்தேன். இடமும் வலமும் பிரித்துக் கேட்க முடியாதவளுக்கு அந்தத் தொழிலில் வேலை இல்லை. கணவரும் நானும் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டிருந்தோம். கையில் நேரம் நிறைய இருந்தது. நடக்கத் தொடங்கினேன்.

நடப்பதுதான் இப்போது என் வேலை என்று சொன்னால் உறவினர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பாதையை முதலில் வெறுங்கையோடு நடப்பேன். பிறகு முதுகுப்பையின் இரண்டு வார்களிலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய ஒலிவாங்கிகளை மாட்டிக்கொண்டு அதே பாதையில் மீண்டும் போவேன். நடந்து முடித்த இடத்திலேயே உட்கார்ந்து கேட்டதை எழுதுவேன். கண்ணில் பட்டதை எழுதக் கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்டது. ஈப்போ இருக்கும் இந்தப் பேராக் மாநிலத்துக்கு வந்ததும் ஒரு சத்தத்துக்காகத்தான். வெயில் ஏறும்போது ரப்பர் காய்கள் மரத்திலேயே வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய தோட்டங்களில் பெரும்பாலானவை இப்போது செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டன என்பதும் தெரியும். எங்காவது நாலு ரப்பர் மரம் மிச்சம் இருக்காதா என்று புறப்பட்டு வந்தேன்.

பழைய நகரத்தில் ஒரு விடுதியில் இரவுக்குத் தொண்ணூறு ரிங்கிட்டுக்கு அறை கிடைத்தது. மறுநாள் காலை எதிரே இருந்த தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு அறுபது வயதுக்குள் இருக்கும். பெயர் பாத்திமா. கணவர் உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். ரப்பர் மரம் இருக்கும் தோட்டம் பக்கத்தில் ஏதாவது உண்டா என்று பாத்திமாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். என் பெயரையும் ஊரையும் சொல்லி, சத்தம் பதிவு செய்ய என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்தபடி சற்று நேரம் யோசித்தார்.

"பத்து காஜா டவுன் தாண்டி ஒரு தோட்டம் இருக்கு. நான் பொறந்த தோட்டம்தான். கடைசியில கொஞ்சம் பால்மரம் இன்னும் வெட்டாம நிக்குதாம். நானே காடில கொண்டு போய் விடறேன்லா. ஆனா கேட்டு வரைக்கும்தான் வருவேன். உள்ள வர மாட்டேன்."

பத்து மணிக்கு அவருடைய காரில், அவர் பேச்சில் காடியில், புறப்பட்டோம். லகாட் வழியாகப் போனோம். ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி இருபுறமும் அசையாமல் கிடந்தன. மலேசியாவிலும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் உட்காருகிறார், என் கேளாத காதின் பக்கம். அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து என் இடது காதைக் கொடுத்தேன். காதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஒலியைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவள் எப்படிச் சொல்வது என்று கூசியது.

திரும்பித் திரும்பிக் கேட்டதில் அவர் கதை இவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்தபோது அவர் பெயர் தேவகி. பத்தொன்பது வயதில் இந்தக் கடையை அப்போது நடத்தியவரின் மகனைக் கட்டிக்கொண்டு மதம் மாறினார். அப்பா அதன்பின் பேசவில்லை. அப்பா இறந்த செய்தி கேட்டு ஓடியபோது உறவினர்கள் தோட்டத்துக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசிக் காரியம் செய்ய நின்ற தம்பி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குத் திரும்பியவர் அந்தக் கேட்டை இதுவரை தாண்டவில்லை. பிறகு தோட்டம் கைமாறியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், ஜனங்கள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். தம்பி இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறான். அவன் தொலைபேசி எண் இவரிடம் உண்டு. அழைத்ததில்லை.

"இப்ப யாரும் தடுக்க மாட்டாங்க. தடுக்க ஆளே இல்ல. இருந்தாலும் காலு போவல" என்றார்.

கேட் என்று ஒன்றும் இல்லை. துருப்பிடித்த இரண்டு இரும்புத் தூண்கள் மட்டும் நின்றன. காரை வெளியே ஒரு மர நிழலில் நிறுத்தினார். அவரைக் காக்க வைத்து இரண்டு முறை நடக்க முடியாது என்று முதல் நடைக்கே ஒலிவாங்கிகளை மாட்டிக்கொண்டேன். கைப்பேசி அருகில் இருந்தால் பதிவில் இரைச்சல் விழும் என்பதால் அதைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

செம்பனைக்குள் நடப்பது சுகமானதல்ல. எல்லாத் திசையிலும் ஒரே இடைவெளியில் ஒரே உயர மரங்கள். வெட்டிப் போட்ட மட்டைகள் காலடியில் சரசரத்தன. பறவைகூடக் குறைவு. கால் மணி நேரத்துக்குமேல் நடந்தபின் மரங்களின் நிறம் மாறியது. கீறல் தழும்புகளோடு வயதான ரப்பர் மரங்கள். அவற்றின் அடியில் புதர் மூடிய மண்மேடுகள் தெரிந்தன, நடுவே சில சிமெண்டுச் சமாதிகள். தோட்டத்து மயானம் என்பதால்தான் இந்த மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள்.

நின்றேன். வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு மேலே எங்கோ, விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தம். தொடர்ந்து இலைகளில் ஏதோ தட்டித் தட்டி விழுந்தது. மீண்டும் இன்னொன்று. ஆளே இல்லாத இடத்தில் யாரோ சாவகாசமாக விரல் சொடுக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. வந்த காரியம் முடிந்தது. இதை யாரிடம் சொல்வது என்று தோன்றியபோது சொல்ல ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சமாதித் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

நிமிர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. வந்த வழியே திரும்பினேன், அல்லது திரும்பியதாக நினைத்தேன். செம்பனை வரிசைகள் எல்லாமே வந்த வழி போலத்தான் தெரிந்தன. எவ்வளவு நடந்தும் இரும்புத் தூண்கள் வரவில்லை. அப்போது கார் ஹாரன் கேட்டது. நீளமாக, விட்டு விட்டு. இடப்பக்கமிருந்து வந்தது. இடப்பக்கம் திரும்பி நடந்தேன். மறுபடியும் ஹாரன், மறுபடியும் இடப்பக்கம். திரும்பினேன். அடுத்ததும் இடப்பக்கம்தான். ஒரு காது மட்டும் உள்ளவர்களுக்கு உலகத்துச் சத்தமெல்லாம் அந்தக் காதின் பக்கத்திலிருந்துதான் வரும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பயத்தில் அந்த ஹாரனின் பின்னால் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். இடி முழங்கியபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஹாரன் நின்றது. அந்த அமைதிதான் மோசமாக இருந்தது. பாத்திமா போய்விட்டால் இந்த நாட்டில் என்னைத் தேட யாருக்கும் காரணம் இல்லை.

பிறகு குரல் கேட்டது. என் பெயர்.

"வசந்தி! வசந்தி!"

எழுந்து நின்று நானும் கத்தினேன். திசையைத் தேடாமல் நின்ற இடத்திலேயே கத்தினேன். வரிசைகளுக்கு நடுவே முக்காடு சரிய, கையில் குடையோடு, வீட்டுச் செருப்பில் பாத்திமா வந்தார். மூச்சு வாங்கியது.

"அவ்வளவு ஹாரன் அடிச்சேன். கேக்கலையா?"

"கேட்டுச்சுக்கா. எந்தப் பக்கம்னு தெரியல. எனக்கு வலது காது கேக்காது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். லயம் எந்தப் பக்கம் இருந்தது, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்ற திடல் எது என்று தேடினார். எதுவும் தெரியவில்லை என்றார். தூரத்தில் நிறம் மாறிய மரங்களைக் கண்டதும் இரண்டடி முன்னால் போனார்.

மயானத்தைப் பார்த்ததாகச் சொன்னேன். சமாதிகளில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். சிலவற்றில் இருக்கிறது என்றேன்.

அங்கே போனோம். ஒவ்வொரு சிமெண்டுத் திண்டிலும் பாசியைத் தேய்த்துப் படித்தார். அப்பாவின் பெயர் இல்லை. மீதியெல்லாம் பெயரில்லாத மண்மேடுகள். கடைசியில் அடியிலிருந்தே இரண்டாகப் பிரிந்த ஒரு மரத்தின் அருகே, என் வலப்பக்கமாக வந்து நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. காருக்கு வந்து சேர்வதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

மாலை அறையில்தான் பார்த்தேன், ஒலிவாங்கிகளை அணைக்கவே இல்லை. அவர் நின்ற பக்கத்து வாரில் ஒன்று இருந்தது. அவர் பேசியதெல்லாம் அதில் விழுந்திருக்கும். அந்தப் பக்கத்து ஒலியை என் இடது காதுக்கு மாற்றுவது ஒரு பொத்தான் வேலை. செய்யவில்லை. மறுநாள் காலை கடையில் அவரிடம் சொன்னேன். நான் கேட்கவில்லை, வேண்டுமானால் அழித்துவிடுகிறேன், அல்லது நீங்கள் கேளுங்கள் என்றேன்.

"நான் சொன்னது எனக்குத் தெரியாதா?" என்றார். ரொட்டிக் கல்லின் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேருக்குச் சில்லறை கொடுத்தார். பிறகு தன் கைப்பேசியில் ஓர் எண்ணை எடுத்துக் காட்டினார். "இத தம்பிக்கு அனுப்பு. நான் கூப்பிட்டா எடுப்பானோ என்னவோ. இது அப்பாகிட்ட பேசுனது. இத கேப்பான்."

திரையில் அலைவடிவத்தை மட்டும் பார்த்து அந்தப் பகுதியை வெட்டி, யார் அனுப்புவது, எங்கே பதிவானது என்று இரண்டு வரி எழுதி, அவர் முன்னாலேயே அனுப்பினேன்.

மதியம் கோலாலம்பூர் திரும்பும் ரயில் கம்பார் தாண்டும்போது அழைப்பு வந்தது. சேகர் என்றும், பாத்திமாவின் தம்பி என்றும் சொன்னார். அனுப்பியதைக் கேட்டாராம்.

"அக்கா தனியாவா போனாங்க?"

"இல்ல. நான் பக்கத்துல நின்னேன்."

எந்த இடத்தில் நின்றார் என்று கேட்டார். இரண்டாகப் பிரிந்த மரத்தைச் சொன்னேன்.

"அதுக்குப் பின்னால உள்ள மேடு" என்றார். "அப்பா அங்கதான் இருக்காரு. அக்காகிட்ட சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லலாமே" என்றேன். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சென்னைக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பாத்திமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. தம்பி வந்திருந்தான், இருவரும் போய் வந்தார்கள், மேட்டைச் சுற்றிப் புல் வெட்டினார்கள், இரவுச் சாப்பாடு கடையில்தான். பதிலுக்கு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. பால்கனியில் நின்று என் தெருவைப் பதிவு செய்து அனுப்பினேன். தண்ணீர் லாரி, குக்கர் விசில், மாடி வீட்டுத் தொலைக்காட்சி, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது. ஈப்போவின் மூன்று நாளைவிட இந்த ஒரு மாலையில் சத்தம் அதிகம்.

பாத்திமா அதைக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பினார்: "நல்லா இருக்கு. இதுல நீ எங்கம்மா இருக்க?"

பதிவு செய்தது நான்தான் என்று எழுதினேன். அது தெரியும், ஒரு வார்த்தை பேசி அனுப்பு என்று உடனே பதில் வந்தது.

பொத்தானை அழுத்திக்கொண்டு, "நல்லா இருக்கேன்கா" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. அன்று காலையிலிருந்து நான் பேசியிருக்கவே இல்லை.