இழுத்துக்கிட்டு இருக்காரு

கொரோனா முடிந்து என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆள் வந்துவிட்டார், பேச்சு வரவில்லை. வெங்காயப் பேட்டையில் ஏலம் கூவி, தொண்டையை வைத்தே பிழைத்த மனிதர். இப்போது ‘தண்ணி’ என்பதற்கு ஒரு மூச்சு, ‘குடு’ என்பதற்கு இன்னொரு மூச்சு. வாய் பேசாத புருஷன் வாய்ப்பது வரம் என்று கேலி பேசிய பெண்களில் நானும் ஒருத்திதான். அந்த வரம் கிடைத்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வழி தேடினேன். நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது, மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் பேச்சு இப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

பயிற்சி சொல்லித்தர ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மூன்று கூண்டில் மூன்று பந்து, பக்கவாட்டில் ஒரு குழாய். இவர் வாங்கியதும் திருவிழாப் பீப்பி ஊதுகிற மாதிரி கன்னம் உப்ப ஊதினார். பந்து அசையவே இல்லை.

“ஊதக் கூடாதுங்க ஐயா. உள்ளே இழுக்கணும். நல்லா இழுங்க.”

இவர் குழாயைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கம் ஒருவர் ‘இழுத்துக்கிட்டு இருக்கார்’ என்றால் இன்றோ நாளையோ என்று அர்த்தம். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள்.

“எவன்... இழுக்குறான்?” என்று அவளை முறைத்தார்.

பாவம், அவள் அடுத்த பயிற்சிக்குத் தாவினாள். “சரிங்க, மூக்கில மூச்சு வாங்கி, வெளக்க ஊதி அணைக்கிற மாதிரி வாயால மெதுவா விடுங்க.”

“ஏத்துன வெளக்க... ஊதி... அணைக்கிறதா?”

கோயில் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதருக்கு அன்றைக்கென்று பக்தி பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் நான்தான் சூடான ரசத்தை டம்ளரில் ஊற்றி முன்னால் வைத்தேன். ரசத்தை ஊதலாம், தெய்வக் குத்தம் ஒன்றுமில்லை. ஊதி ஊதிக் குடித்தார்.

பந்து விஷயத்தில் மட்டும் பிடிவாதம். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். பந்து ஏறினால்தான் சோற்றுக்கு வெஞ்சனம் என்று சொன்ன பிறகே வழிக்கு வந்தார். கருவாட்டுக்கும் மொச்சைக்கும் ஆசைப்பட்டு தினமும் இழுத்தார். ஒரு பந்து ஏறியது, பிறகு இரண்டாவதும் ஏறியது. பேச்சு மட்டும் துண்டு துண்டாகவே வந்தது. இந்த மனிதரை இனி இப்படித்தான் பார்க்க வேண்டுமோ என்ற பயம் என்னை அரித்தது. அவர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாணார்பட்டியிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது.

“ஏத்தா, தம்பி எப்படி இருக்கான்?”

“காலையில இருந்து இழுத்துக்கிட்டுத்தேன் இருக்காரு மதினி. இன்னும் செத்த நேரத்துல முடிஞ்சுரும்.”

அந்தப் பக்கம் ‘ஐயோ’ என்று ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது. டவர் சரியில்லை போல என்று நினைத்துக் குழம்பை இறக்கினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. சாமான் ஏற்றும் இடத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. மதினி தலையை விரித்துப் போட்டு, கையில் ரோஜா மாலையோடு இறங்கி, “எம் பொறப்பே, போயிட்டியே!” என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்து, “எப்ப எடுக்குறீக?” என்று என்னிடம் கேட்டார்.

உள்ளே நாற்காலியில், குழாயை வாயில் வைத்தபடி இவர். மதினியின் அலறல் பாதியில் நின்றது. இவர் குழாயை எடுத்தார்.

“ஏக்கா, உசுரோட உக்காந்திருக்கவனுக்கு ரோசாப்பூ மாலைய வாங்கிக்கிட்டு, வண்டியப் பிடிச்சு ஊரையே அள்ளிப் போட்டுக்கிட்டு வந்து, தெருவுல நின்னு ஒப்பாரி வைக்கிறியே, நான் செத்துட்டேன்னு ஒனக்கு எந்தச் சிறுக்கி சொன்னா?”

அந்தச் சிறுக்கி நான்தான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் காதில் விழுந்தது வேறு. அத்தனை நீளப் பேச்சில் இவர் ஓரிடத்திலும் மூச்சுக்காக நிற்கவில்லை. ‘இன்னொரு தடவை திட்டுங்க’ என்று கேட்க வாயெடுத்தேன், முடியவில்லை. அழுவதற்கென்று வண்டி பிடித்து வந்தவர் மதினி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதது நான்.