சட்டென்று கழற்ற வராத ஹெல்மெட்

எங்கள் டெல்டாவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் உண்டு. அவற்றை விட்டால் கட்சிக் கூட்டத்துக்குப் போடுகிற மேடைதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, காடு மலை ஏறுவதற்கென்றே செய்த உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ரோட்டை விட்டு இறங்கி ஓட்டுகிற வண்டி என்று கடையில் பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அதற்குத் தனி வண்டி தேவையில்லை. ரோடே அங்கங்கே தன்னால் இறங்கிக்கொள்ளும்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பதை நெருங்கும் ஆண்களுக்கு வருகிற வியாதிகளில் சர்க்கரைக்கு முன்னால் வருவது இந்த வண்டி ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஓட்டுகிற குழு ஒன்றில் சேர்ந்தேன். அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அடுத்த இடத்தில் ஒரு உரக்கடைக்காரர். அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் கோடையில், திருவையாறு தாண்டி ஆற்றங்கரை மண்பாதையிலும் கொள்ளிடத்துப் படுகை மணலிலும் ஓட்டுவோம். மணலில் ஓட்டுவதில் ஒரே ஒரு சிரமம்தான். போன வாரம் இருந்த மணல் இந்த வாரம் இருக்காது. லாரியில் ஏறிப் போயிருக்கும்.

என்னிடம் இருந்தது பழைய ஹெல்மெட். தலையில் சட்டியைக் கவிழ்த்தது போல இருக்கும், போலீஸுக்குக் காட்டுவதற்காக வாங்கியது. எங்கள் மாநிலத்தில் ஹெல்மெட் சட்டமும் காவிரித் தண்ணீரும் ஒன்று. வரப்போகிறது என்பார்கள், வரும், நாலு நாள் எல்லோரும் பரபரப்பாக இருப்போம், பிறகு நின்றுவிடும். அதனால் அந்தச் சட்டி பெரும்பாலும் வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல்தான் இருந்தது. டேங்குக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

மண்பாதைக்கு அது உதவாது என்று குழுவில் ஒரே பேச்சாகச் சொன்னார்கள். எது உதவும் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. தாடையை மூடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்தான் வேண்டும் என்றார் டாக்டர். "மண்டை உடைஞ்சா ஒட்டிக்கும் சார். பல்லு போனா போனதுதான்." அவரவர் தொழில் அவரவருக்கு. "எதை வேணா வாங்குங்க, போட்டோல எடுப்பா இருக்கணும்" என்றார் உரக்கடைக்காரர். அவர் மண்ணில் ஓட்டிய நேரத்தைவிட மண்ணில் வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

நான் வாங்கப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். கண்ணில் புரை பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்குப் போனோம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பண்ணையாள் வீட்டில் பிறந்தவர். எங்கள் ஊர் மிராசுதார் பண்ணையில் மாடு மேய்த்து, உழுது, அடிவாங்கி வளர்ந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்ததும் முதல் ஆளாகச் சிவப்புக் கொடி பிடித்தார். நிலப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். கடைசியில் அதே பண்ணை நிலத்தில் ஒரு துண்டு அவர் பெயருக்கு வந்தது. அந்த வயலில் விளைந்த நெல்தான் என்னைப் படிக்கவைத்தது. மேடை ஏறினால் இன்றைக்கும் மைக் இல்லாமல் அடுத்த ஊருக்குக் கேட்கும்படி பேசுவார். அவர் எதற்கும் பயப்பட மாட்டார் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

கடையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். முன்னால் நீண்ட விளிம்பு, தாடைப் பக்கம் கூரான மூக்கு, கண்ணாடிக்குப் பதில் தனியாக மாட்டுகிற காகிள்ஸ். எல்லாமே வெட்டுக்கிளி முகம். தமிழ்நாட்டில் கலர் என்பது கண்ணோடு முடிகிற விஷயமில்லை என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. கறுப்பில் சிவப்புப் பட்டை போட்டது ஒன்று நன்றாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனால் டீக்கடையில் ஒரு பாதி எழுந்து வணக்கம் சொல்லும், மறுபாதி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் வெள்ளை சேர்ந்த இன்னொன்றை எடுத்தால் வணக்கம் சொல்கிற பாதி மாறும், அவ்வளவுதான். மஞ்சளுக்கு ஒரு கட்சி, காவிக்கு ஒரு கட்சி, பச்சைக்கு விவசாய சங்கம். நீலம் எடுத்தால், நான் எந்தத் தெரு என்று யாரும் கேட்காமலேயே பதில் சொன்னதாக ஆகும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் புதிதாகப் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைக்கிறார்கள். அவர்கள் வேலையை நான் ஏன் குறைக்க வேண்டும்?

அப்பா சிவப்பைத் தட்டிப் பார்த்தார். "இது நல்லாருக்கேப்பா" என்றார், வேறெப்படிச் சொல்வார்.

கடைசியில் வெள்ளையை எடுத்தேன். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறம், எல்லாக் கட்சிக்காரர்களும் உடுத்துகிற நிறம்.

"போட்டுக்கிட்டுத் தலையை ஆட்டுங்க சார்" என்றார் கடைக்காரர். "தலையோட சேர்ந்து ஆடணும். தனியா ஆடுச்சுன்னா அளவு பெருசு." தஞ்சாவூர்க்காரனுக்குத் தலையாட்டச் சொல்லித்தர வேண்டுமா? அதுவும் நான் பிரின்சிபாலிடம் பன்னெடுங்காலம் பழகியவன். ஆட்டினேன். கன்னத்தை இரண்டு பக்கமும் பஞ்சு பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் அசையவில்லை.

அப்பாவுக்கு இப்போது நிறமும் பஞ்சும் பொருட்டாகவே இல்லை. தாடைக்குக் கீழே வருகிற வாரைக் கையில் பிடித்துக்கொண்டு அதிலேயே இருந்தார்.

"இது சட்டுன்னு கழட்ட வருமா தம்பி?"

"அதோ அது க்ளிப் வெச்சது பெரியவரே, ஒரு தட்டுல வந்துடும். இது ரெண்டு வளையம். வாரை உள்ள விட்டுத் திருப்பி இழுக்கணும். கீழ விழுந்து உருண்டாலும் கழலாது."

"விழுந்தா கழல வேணாம்ப்பா. நின்னா கழலணும்ல."

வெயிலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே காற்றுப் போக ஓட்டைகள் இருப்பதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. "க்ளிப் வெச்சதையே எடேன்" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். எனக்கு டாக்டரின் பல் ஞாபகம்தான் பெரிதாக இருந்தது. வளையம் வைத்த வெள்ளையையே வாங்கினேன். காகிள்ஸும் கையுறையும் சேர்த்து மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தபோது என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா என் பழைய சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஊரில் அவரை இறக்கிவிடக் கிளம்பினோம்.

எங்கள் தெருவுக்குப் போக இரண்டு வழி. ஒன்று மிராசுதார் தெரு வழியாகத் தார் ரோடு. மற்றது வாய்க்கால் கரை. அப்பா எப்போதும் வாய்க்கால் கரையில்தான் போவார், எங்களையும் அப்படியே கூட்டிப்போவார். சுருக்கு வழி என்பார். அளந்து பார்த்தால் அதுதான் சுற்று. நான் கணக்குப் பாடமும் எடுத்தவன், ஆனாலும் அப்பா சொன்ன தூரத்தை அளந்து பார்க்கத் தோன்றியதில்லை.

அன்றைக்கு வாய்க்கால் கரையே இல்லை. வெட்டிப் போட்டிருந்தார்கள். குறுக்கே ஒரு பொக்லைன் நின்றது. கொஞ்ச காலமாகவே எங்கள் பக்கம் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்கள் வயல் வயலாக இறங்கி அளந்துகொண்டிருந்தார்கள். பூமிக்கு அடியில் குழாய் போடுவதற்கு என்றார்கள், புதுச் சாலைக்கு என்றார்கள். அளந்த இடத்தில் கல் நடுவார்கள். ஊர் கூடிப் பிடுங்கிப் போடும். திரும்ப வந்து நடுவார்கள். எங்கள் நிலத்தை எடுக்கமாட்டோம் என்று எல்லாக் கட்சிகளும் மேடையில் சொல்லியிருந்தன, கல் மட்டும் எப்படியோ முளைத்துக்கொண்டிருந்தது.

"இந்த வண்டி மேடு பள்ளமெல்லாம் ஏறும்னியே" என்றார் அப்பா.

"கரை இருந்தா ஏறும்ப்பா."

வேறு வழியில்லாமல் தார் ரோட்டுக்குத் திரும்பினேன். மிராசுதார் தெரு முனை வந்ததும் அப்பா தோளைத் தட்டினார்.

"நிறுத்து. கழட்டிக்க."

"என்னத்தைப்பா?"

"தலையில இருக்கறதை."

அவர் தன் சட்டியைக் கழற்றி ஏற்கெனவே மடியில் வைத்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் கடை ஞாபகம் வந்தது. வாரைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியும் புரிந்தது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் பண்ணையாட்கள் அந்தத் தெருவில் தலைப்பாகையோடு போகக் கூடாது. தோளில் துண்டு கூடாது. தெரு முனையிலேயே துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். மறந்து போனவனுக்கு மரத்தில் கட்டி அடி விழும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவரே மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடிந்துபோன கதையாகத்தான் சொல்வார், ஜனங்களும் கைதட்டுவார்கள்.

சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்கதானப்பா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு இதே தெருவுல ஊர்வலம் போனீங்க?"

"ஊர்வலத்துல நூறு பேரோட போறது வேற. தனியாப் போறது வேற. கழட்டுப்பா, செத்த நேரம்."

நிலத்தை வாங்கிவிட்டார், ஜெயிலுக்குப் போய் வந்துவிட்டார், சுயமரியாதை பேசுகிற அரசாங்கங்கள் மாறி மாறி ஆண்டு முடித்துவிட்டன. ஊரில் மூலைக்கு மூலை சிலை இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, தனி ஆளாக இந்தத் தெருவைத் தாண்ட வேண்டாமென்று என் அப்பா தினமும் வாய்க்கால் கரையைச் சுற்றி நடந்திருக்கிறார். கழற்ற மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவர் தனக்காகப் பயப்படவில்லை, எனக்காகப் பயந்துகொண்டிருந்தார். சரி, இவருக்காகக் கழற்றித் தொலைக்கலாம் என்று வாரில் கை வைத்தேன்.

வளையம் பிடி கொடுக்கவில்லை. கையுறை தடித்தது, வாரோ புதிது. இழுக்க இழுக்க இறுகியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளெல்லாம் சென்னையிலும் அமெரிக்காவிலும். மூன்றாவது வீட்டு வாசலில் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய மிராசுதாரின் மகன். அப்பா வயதுதான். சின்ன வயதில் அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு யானை விளையாட்டு ஆடியவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ஏறி உட்கார்ந்தது அவர், யானையாக இருந்தது அப்பா. இன்றைக்கும் அப்பாவை "ஏம்ப்பா, நீ" என்றுதான் கூப்பிடுவார். பழைய "டா" வன்கொடுமைச் சட்டத்துக்குப் பயந்து போய்விட்டது.

அவர் எங்களைப் பார்த்துவிட்டார். எழுந்தார். எழுந்தவர் அவசரமாகச் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு வந்தார். அப்பாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. நான் தாடையில் வளையத்தோடு போராடிக்கொண்டிருந்தேன்.

கிட்டே வந்ததும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வாங்க சார். அளக்கறதுக்கு எங்க பக்கம்தான் வந்திருக்கீங்களா? வாய்க்காலுக்கு இந்தாண்டை இருக்கறது மட்டும்தான் சார் இப்ப எங்களுக்கு மிச்சம். அதுல கல்லு நட்டுடாதீங்க சார்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க? உங்களுக்குத் தெரியாததா?"

அப்பாவை அவர் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஹெல்மெட்டுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும் என்று ஒரு ஆசையும் வந்தது, பொய் சொல்வானேன். எட்டுத் தலைமுறை பாக்கியில் ஒரு நிமிஷமாவது வசூலாகட்டுமே. வெள்ளை ஹெல்மெட் வாங்கியதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். மடியில் இருந்த சட்டி கையில் இருந்தது. எதிரில் நின்றவரின் கக்கத்துத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். மேடையில் கேட்கிற குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"துண்டைத் தோள்ல போடுங்க. இவன் எம்மவன்தான்."

மிராசுதார் மகன் என் காகிள்ஸுக்குள் உற்றுப் பார்த்தார். முகம் ஒரு சுற்று சிவந்து அடங்கியது. துண்டு தோளுக்கு ஏறியது. கூடவே பழைய மரியாதையும் பழைய இடத்துக்குத் திரும்பியது. "ஏம்ப்பா, உம்மவனா இது? தலையில இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"விழுந்தா அடிபடாம இருக்கத்தான்" என்றார் அப்பா.

அதற்குள் வளையம் எப்படியோ வழிக்கு வந்து வார் தளர்ந்துவிட்டது. ஹெல்மெட்டைத் தூக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். தளர்ந்த வாரைத் தானே பிடித்து இழுத்து இறுக்கினார். பிறகு தன் சட்டியை எடுத்து, அந்தத் தெரு முனையிலேயே, மிராசுதார் மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். க்ளிப் மாட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் திரும்பி உதவவில்லை. பிறகு 'டக்'கென்ற சத்தம் கேட்டது.

வண்டியைக் கிளப்பி வேகம் எடுத்தேன்.

"மெதுவாப் போப்பா" என்றார். "தெரு இருக்கே, இன்னும்."