அக்காவின் கோடிப்புடவையும் ஒரு கடைவாசலும்

காரைக்கால் கடைத்தெருவில் இருக்கும் அந்தப் பெரிய ஜவுளிக்கடைக்கு நான் போவதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க மனைவி கூப்பிட்டாலும் தெருமுனையிலேயே நின்றுகொள்வேன். இப்போது அந்த வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, வாங்க வாங்க என்கிறார்கள். அதே வாசலில் சில வருடங்களுக்கு முன்னால் என்ன கேட்டார்கள் என்பது உள்ளே போகிற யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பத்தாவது வரை படித்தேன். நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறேன். முன்னால் நின்று வியாபாரம் பேசுகிற வேலை இல்லை. பின்கட்டில் டப்பா எடுத்துக் கொடுக்கிற வேலை. அதை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புது ஆளிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொரோனாத் தடுப்பூசிக்கு எதிரானவன் இல்லை. இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டவன். போட வைத்தவள் என் அக்கா. நெடுங்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். நடவுக்குப் போகிற பெண்கள் ஊசி போட்டால் கைகால் விழுந்துவிடும் என்று பயந்து கிடந்தபோது, முதல் ஆளாகத் தான் போய்ப் போட்டுக்கொண்டு, மறுநாளே வயலில் இறங்கிக் காட்டி, அவர்களையும் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு அழைத்துப் போனாள். எனக்குப் போன் போட்டு, "அம்மை ஊசிக்குப் பயந்து வைக்கப்போர்ல ஒளிஞ்சவன்தானடா நீ. இப்ப ஒளிய வைக்கப்போரும் இல்ல. போயி கையக் காட்டு" என்றாள். போனேன். காட்டினேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் பொத்தான் போன்தான். முகாமில் கைபேசி எண் கேட்டார்கள். எதிர்வீட்டுத் தம்பி, என் நம்பரையே போட்டுக்குங்க என்றான். எங்கள் நாலைந்து பேருக்கும் அவன் நம்பர்தான் பதிவானது. அப்போது அது பெரிய உதவி. பிறகு அவன் சிங்கப்பூர் போய்விட்டான். நம்பரும் செத்துப்போனது. சான்றிதழை எடுக்க வேண்டுமென்றால் அந்த நம்பருக்குத்தான் ரகசிய எண் வரும் என்றார்கள். ஊசி என் உடம்பில் இருந்தது. அதற்கான அத்தாட்சியோ செத்துப்போன ஒரு நம்பரில் இருந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்றுதான் நினைத்தேன். அத்தாட்சி உடம்பை விடப் பெரிதாகும் காலம் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அக்கா ஒரு காலை வேளையில் செத்துப்போனாள். நோயொன்றும் இல்லை. வயலுக்குக் கிளம்பியவள் மார்பைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அத்தான் பெயின்ட் கடைக்குப் போன் செய்து சொன்னார். சொந்தமெல்லாம் பக்கத்து ஊர்கள்தான் என்பதால் அன்று பிற்பகலே எடுப்பதாக முடிவாகியிருந்தது. போனை வைக்கும்போது, "பொறந்த வீட்டுத் துணி நீதாம்ப்பா கொண்டாரணும், வேற யாரு இருக்கா" என்றார்.

வேறு யாரும் இல்லைதான். அப்பா அம்மா போய்ப் பல காலம் ஆயிற்று. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் குளிப்பாட்டியதும் அவள் மேல் போர்த்துகிற புதுப்புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அதுதான் கோடி. புருஷன் இருக்கும்போதே போனவள் என்பதால் கூறைப்புடவை மாதிரிச் சிவப்பில் எடுக்க வேண்டும். பிறந்த வீடென்று அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருவன். மனைவியை நெரவியிலிருந்து நேரே நெடுங்காட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கடையில் சட்டையைக்கூட மாற்றாமல் ஜவுளிக்கடைக்கு ஓடினேன்.

வாசலில் ஒரு பலகை. தடுப்பூசி செலுத்தியதற்கான சான்று காட்டினால் மட்டுமே அனுமதி. அதன் அடியில் ஒரு முக்காலியில் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கடைத்தெருவில் சோதனை. அதிகாரிகளின் வண்டி ஒன்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சின்ன ஜவுளிக்கடைகள் வம்பே வேண்டாம் என்று ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன.

எனக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். கையில் மருதாணி சிவந்திருந்தது. ஒருவர் போனை நீட்டினார், பின்னால் இருந்தவர்களையெல்லாம் முக்காலியில் இருந்தவள் தலையை மட்டும் எண்ணி உள்ளே விட்டாள். அவர்களில் சிலர் நகைக்கடைக்குப் போனவர்களுக்காகக் காத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள், மணப்பெண்ணும் அவர்களோடு நின்றாள். அடுத்து ஒரு பெரியவர். பிரான்சு ஓய்வூதியம் வாங்குகிறவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போமே, அந்த மாதிரிக் குடும்பம். அவர் காட்டிய போனில் கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது, எழுத்தெல்லாம் பிரெஞ்சு. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்து நின்று உள்ளே போங்க சார் என்றாள். ஒரு எழுத்து அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அது மளிகைக்கடைச் சீட்டாக இருந்தாலும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்காது.

என் முறை வந்தது. பெயின்ட் கறை படிந்த சட்டையைப் பார்த்தாள். "சர்ட்டிபிகேட்ண்ணே."

போட்டுக்கொண்டேன், சான்றிதழ்தான் கையில் இல்லை என்றேன். போனில் எடுக்கச் சொன்னாள். என் பொத்தான் போனைக் காட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என்ன எடுக்கணும் என்று கேட்டாள். கூறை மாதிரிச் சிவப்பில் ஒரு புடவை என்றேன். யாருக்கு, பொண்ணுக்கா என்று கேட்டுவிட்டு, நாளைக்குச் சான்றிதழோட வந்து நிதானமாப் பாருங்களேன் என்றாள்.

நாளைக்கு.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோடி எடுக்க வந்திருக்கிறேன் என்று ஜவுளிக்கடை வாசலில் நின்று யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். மருதாணிக் கையோடு ஒரு பெண் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். அவள் காதில் விழும்படி அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? என் பின்னால் நின்றவர், ஊசி போடாதவனையெல்லாம் உள்ளே விட்டால் என் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்றார். அவர் சொன்னது நியாயம். போடாதவனைப் பற்றி என் எண்ணமும் அதுதான். ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். போட்டுக்கொண்ட என்னை.

"போட்டுருக்கேம்மா" என்றேன் மறுபடியும்.

"எல்லாரும் அதத்தான்ண்ணே சொல்றாங்க. அபராதம் வந்தா ஓனரு என் சம்பளத்துல புடிப்பாரு."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சம்பளத்துக்கு முக்காலியில் உட்கார்ந்தவள். கடைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்த பிரெஞ்சுக்காரப் பெரியவர், "எங்க ஊர்ல காப்பி குடிக்கப் போனாக்கூட இத கேப்பான் தம்பி. எடுத்து வச்சிக்கணும்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எங்க ஊர் என்று அவர் சொன்னது பிரான்சை. என் ஊர் நெரவி. இங்கே எனக்குத் துணிக்கடைக்குள் போக வழியில்லை.

உள்ளே போகிற யாரிடமாவது பணத்தைக் கொடுத்து எடுத்து வரச் சொல்லியிருக்கலாமே என்று மனைவி பிறகு கேட்டாள். கோடி அப்படி ஆள் விட்டு எடுக்கிற துணி இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆத்திரத்தில் கேட்டாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இந்தக் கெடுபிடி அவ்வளவு இல்லை என்று பெயின்ட் கடையில் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. நெடுங்காடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். மூச்சு விட இடமில்லாத கூட்டம். என் தோளில் ஒருவர் தும்மினார். ஏறும்போதும் இறங்கும்போதும் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு போகலாம், துணிக்கடையில் தள்ளி நின்று புடவை பார்க்கத்தான் சான்று வேண்டும்.

பஸ் நெடுங்காட்டில் அக்கா வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தைத் தாண்டியது. தெருக்கோடியில் சாமியானா தெரிந்தது. பறைச்சத்தம் கேட்டது. இறங்கவில்லை. வெறுங்கையோடு எப்படி இறங்குவது? அவளுடைய சாவு வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நான் கடந்து போனேன்.

எல்லைக்குச் சற்று முன்னால் வரிசையாகச் சாராயக் கடைகள். அங்கேயும் அதே பலகை மாட்டியிருந்தது. அதன் கீழே தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். முக்காலியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

எல்லை என்பது அங்கே ஒரு வரவேற்பு வளைவுதான். இரண்டு பக்கமும் அதே வயல், அதே வாய்க்கால் தண்ணீர். நோய்க்கு அந்த வளைவு தெரியுமா என்ன? அந்தப் பக்கம் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. அரக்குச் சிவப்பு இல்லை, தக்காளிச் சிவப்பில் ஒன்று இருந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. விலைச்சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பையில் போடாமல் தாளில் சுற்றிக் கொடுத்தார். மஞ்சள், குங்குமம், பூ எங்கே கிடைக்கும் என்று கையைக் காட்டினார். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கிற நேரம் தாண்டியிருந்தது. குளிப்பாட்டி முடித்து, போர்த்தப் புதுத்துணி வராததால், பழைய புடவை ஒன்றைச் சுற்றி அவளைக் கிடத்தியிருந்தார்கள். புடவையில் ஈரம் ஊறியிருந்தது. ஊரே சுற்றி நின்றது. பீரோவில் புதுசு ஏதாவது இருந்தால் எடுத்துப் பிறந்த வீட்டுத் துணி என்று போர்த்திவிடலாம் என அத்தானின் தம்பி சொன்னாராம். பிறந்த வீட்டுக்காரன் புடவை எடுக்கப் போனானா, தறி போட்டு நெய்யப் போனானா என்றும் கேட்டாராம். அத்தான் மட்டும், "அவன் வருவான். இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் தலைமாட்டிலிருந்து நகரவில்லையாம். மனைவி சொன்னாள்.

போர்த்தினேன். அந்த வீட்டில் அத்தனை பேர் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள். ஊசி முகாமில் அவளைத் தெரிந்த அரசாங்கத்து ஆட்கள் இரண்டு பேர்கூட மாலையோடு வந்து போனார்கள். சான்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் சான்றிதழுக்கு அலைந்தேன். பெயின்ட் கடை முதலாளியிடம் விடுப்புக் கேட்கவே கூசுகிறவன், சுகாதார நிலையத்துக்கும் கணினி மையத்துக்கும் மாறி மாறிப் போய் நின்றேன். கடைசியில் ஒரு நர்ஸம்மா இரக்கப்பட்டு, நம்பரை மாற்றிப் போட்டு எடுத்துக் கொடுத்தார். கண்ணாடித்தாள் ஒட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கருமாதிக்குப் பிறந்த வீட்டுச் சார்பில் அத்தானுக்கு வேட்டியும் துண்டும் எடுக்க வேண்டும். அதே ஜவுளிக்கடைக்குத்தான் போனேன். போக வேண்டுமென்றே போனேன். பலகை அங்கேயே இருந்தது. அந்தப் பெண்ணும் இருந்தாள், ஆனால் முக்காலியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சான்றிதழை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அதெல்லாம் இப்ப பாக்குறதில்லண்ணே. உள்ள போங்க."

"ஏன் பாக்குறதில்ல?"

"செக்கிங் வந்தாத்தான்ண்ணே கேப்போம். இப்ப யாரும் வர்றதில்ல."

நான் கையை இறக்கவில்லை. அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்க அன்னைக்குக் கூறைப்பொடவ கேட்டு வந்தவருதான? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதாண்ணே?"

என்னைச் சுற்றி ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். யார் நிற்கிறார்கள், மணப்பெண் யாராவது இருக்கிறாளா என்று இந்தத் தடவை நான் பார்க்கவில்லை.

"கல்யாணம் இல்ல. எங்கக்கா செத்துப்போச்சு. அதுக்குக் கோடி எடுக்க வந்தேன்."

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. துணி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, என்னங்க இதெல்லாம், வாசல்ல நின்னுகிட்டு, வியாபார நேரத்துல என்றார். அந்தப் பெண்ணின் கையிலிருந்து பூ நழுவி மடியில் விழுந்தது.

"சொல்லியிருக்கலாம்லண்ணே. சொல்லியிருந்தா விட்டுருப்பனே" என்றாள்.

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. சான்றிதழ் இல்லாதவன் சாவைக் காட்டியிருக்க வேண்டும். என் அக்கா அங்கே ஈரத்துணியில் கிடப்பதை நான் ஒரு முக்காலிக்கு முன்னால் சொல்லிக் கெஞ்சியிருந்தால் வழி விட்டிருப்பார்கள். நோயைத் தடுக்கத்தான் அந்தப் பலகை என்றால், என் அக்கா செத்ததைச் சொன்னதும் எப்படி விடுவார்கள்? அக்கா செத்தவன் மூச்சில் நோய் இருக்காதா? படிக்கத் தெரியாத பிரெஞ்சுக்கு எப்படி விட்டார்கள்? ஊசி போடச் சொல்லுங்கள், வீடு வீடாக வந்து சொல்லுங்கள், என் அக்கா சொன்ன மாதிரி சொல்லுங்கள். சான்று கேட்பதென்றால் அதையும் எல்லோரிடமும், எல்லா நாளும் கேளுங்கள். முதலில் அதை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சான்றிதழை அவள் கையில் கொடுத்து, "படிச்சிப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். கல்லாக்காரர் போங்க போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் படித்தாள். முதல் ஊசி, இரண்டாவது ஊசி, இரண்டின் தேதியையும் விரலால் தொட்டுப் படித்தாள். அக்கா போவதற்கு எத்தனையோ மாதம் முந்தைய தேதிகள். படித்து முடித்ததும் எழுந்து நின்று திருப்பிக் கொடுத்தாள்.

அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அத்தானுக்கான வேட்டியையும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் எடுத்தேன்.