முன்சீட்டில் பெல்ட்டு

காரில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டு, கண்ணாடிக்கு நேராக. என் மகன் சொந்தமாகக் கார் வாங்கிய அன்று, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கி முடித்ததும், யாரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் பேசாமல் பின்னால் போய்விட்டார். எங்கே உட்கார்ந்தாலும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அவருக்கு முன்னென்ன, பின்னென்ன.

புதுக் கார் இல்லை. ஏற்கெனவே இரண்டு கை மாறிய வெள்ளைக் கார். மகாபலிபுரத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், பாண்டிச்சேரி என்று அடுத்தவர் வண்டியையே வருஷக்கணக்காக ஓட்டிவிட்டு, பிறகு வாங்கியது. நான் அதைப் பழைய கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் விட்டதில்லை.

அந்த சீட்டில் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் படாளத்துப் பக்கம். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. பண்ணைக்காரர் நிலத்தில் நட்டோம், களை எடுத்தோம், அறுத்தோம். எனக்குத் தலைப்பிள்ளை வலி எடுத்து, பிள்ளை இறங்காமல் போனபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பண்ணைக்காரர் கார் அந்தப் பக்கமாகப் போவதாக இருந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் சீட்டில் உட்காரவிடவில்லை. பின்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் கோணியை விரித்து அதில் உட்காரச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நான் பார்த்தது கதவின் கைப்பிடியை மட்டும்தான். அன்றைக்குப் பிறந்தவன்தான் இந்தக் காருக்குச் சொந்தக்காரன். அவன் காரில் நான் எங்கே உட்கார வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் நாங்கள் மகாபலிபுரம் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டோம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். எனக்கும் அங்கே வந்த பிறகுதான் எழுத்து வந்தது. முதியோர் கல்வி என்று தெருவுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் பஸ் போர்டை நானே படித்துத்தான் ஏறுவேன். யாரையும் கேட்க மாட்டேன்.

கடற்கரை ரோட்டை அகலமாக்கி வண்டிகள் பறக்க ஆரம்பித்த காலத்தில்தான் இந்த பெல்ட்டுப் பேச்சு வந்தது. முன்சீட்டில் உட்காருகிறவர்கள் பெல்ட்டு போட வேண்டும், போடாவிட்டால் வண்டியை நிறுத்துகிறார்கள் என்றார்கள். என் கடையில் இட்லி வேகுமுன் இந்தப் பேச்சு வெந்துவிடும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தினமும் வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் வருவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே போகாது.

"உசுரு யார்துபா? என்துதானே? நான் வெச்சிக்கிறேன், வுடறேன். கவர்மெண்ட்டுக்கு இன்னா வந்துது?" என்பார் ஆட்டோக்காரர்.

"நீ விட்டுட்டுப் போயிடுவே. ரோட்டுல கிடக்கிற உன்னை அள்ளுறது யாரு? உன் பொண்டாட்டி புள்ளைக்கு அந்த உசுருல பங்கு இல்லையா?" என்பார் வாத்தியார்.

"அப்டின்னா பீடி புடிக்காதன்னு சட்டம் போடு. குடிக்காதன்னு போடு. ஆயா கடையில எட்டு இட்லி துன்னாதன்னு போடு!"

"உனக்கு அதைத்தான் முதல்ல போடணும்."

நான் ஆட்டோக்காரர் தட்டில் இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினேன். வாத்தியார் தன் தட்டைப் பார்த்தார், ஆட்டோக்காரர் தட்டைப் பார்த்தார். "தீர்ப்பு சொல்லியாச்சு போல" என்று சொல்லிவிட்டுத் தொட்டுக்கொள்ளாமலே சாப்பிட்டார்.

எங்கள் ஊர் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போலீஸைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து மேலே போட்டுக்கொள்வார்கள். மாட்ட மாட்டார்கள். தாண்டியதும் விட்டுவிடுவார்கள். என் மகன் அப்படி இல்லை, தான் எப்போதும் மாட்டிக்கொள்வான். வெளிநாட்டுக்காரர்களோடு பழகிய பழக்கம். என்னை மட்டும் வற்புறுத்தவில்லை. போலீஸ் நின்றால் இழுத்து மேலே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தான்.

என் மகளுக்குக் கடப்பாக்கத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. அவள் மாசமாக இருந்தாள். வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்காகப் பட்டணம் போய்ப் புடவையும் கண்ணாடி வளையலும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் வளையல் பெட்டியோடு பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கோவளத்துக்குப் பக்கத்தில் போலீஸ் நின்றது.

"யம்மா, போலீசு. சும்மா இழுத்து மேல போட்டுக்கோ."

"நான் இன்னாத்துக்குப் போடணும்?"

"யம்மா!"

அதற்குள் ஒரு போலீஸ்காரப் பிள்ளை வந்து குனிந்து பார்த்தது. மீசை இன்னும் சரியாக வரவில்லை.

"இன்னாம்மா, பெல்ட்டு போடலியா?"

"எதுக்கு?"

"சட்டம்மா."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் போனது. படியில் கொத்துக் கொத்தாக ஆட்கள் தொங்கினார்கள். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதுல தொங்கினு போறாங்களே, அவங்கள எதுல கட்டி வெச்சிகீறீங்க?"

அது சிரித்துவிட்டது. "அவங்கள நாளிக்கு கட்டிக்கிறோம். இன்னிக்கு நீ கட்டிக்கோ."

"கட்டிப்போட நான் இன்னா மாடா?"

அதோடு விட்டிருந்தால் சரி. ஆனால் அங்கே பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் என் மகனைக் கூப்பிட்டு லைசன்ஸைக் கேட்டார். என் மகன் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "சார், சார்" என்று குனிந்து நின்றான். அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அபராதம் கட்டிவிட்டு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இன்னொரு வாட்டி மாட்டிகினா லைசன்ஸ்லயே கைய வெச்சிடுவாங்க. பெல்ட்டு போடு. இல்லாங்காட்டி பின்னால போ."

பின்னால போ. அவன் அதை வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோணி விரித்தது போல் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் ஒன்று வந்தது. போர்டை நானே படித்தேன். ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் எங்கள் வெள்ளைக் கார் பஸ்ஸின் பின்னாலேயே வருகிறது. நான் நிமிர்ந்து நின்றேன். அவனும் பார்க்கட்டும் என்று. பட்டிப்புலம் தாண்டும்போது ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டுக்குள் ஓடிவந்தது. டிரைவர் போட்டார் பாருங்கள் பிரேக்கு, நான் போய்ச் சேர்ந்தது ஒரு மீன்காரம்மாள் மடியில். அவள் கூடையில் இருந்த மிச்ச நெத்திலி என் மேல்.

"யக்கா, சீட்டு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டேனா?" என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் வீங்கிய மூக்கோடு உட்கார்ந்திருக்கிறார். பஸ் நின்றதும் காரும் நின்றிருக்கிறது. இவர் தூங்கிக்கொண்டிருந்தவர், வளையல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே போய் முன்சீட்டில் இடித்திருக்கிறார்.

"வளையலு?" என்றேன்.

"ஏம்மே, என் மூக்கு கண்ணுக்குத் தெரியலியா? வளையலுக்கு ஒண்ணும் ஆவல. கடைக்காரன் வைக்கோல வெச்சி இறுக்கிக் கட்டிகீறான். என்னதான் எவனும் கட்டல."

என் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பெல்ட்டில் இருந்தான். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. சாயந்திரம் மாவாட்டும்போது பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஏம்மா இவ்ளோ வீம்பு? நீ கண்ணாடிக்கு நேரா உக்காந்துகினு கீற. ஆடு குறுக்க வந்தா நீதான் மொதல்ல வெளிய போவ. நான் எப்டி வண்டி ஓட்டறது சொல்லு."

அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, என் அப்பா அறுப்புக் காலத்தில் கேட்காமல் தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். பண்ணைக்காரர் களத்தில் ஒரு கம்பம் உண்டு. அதில் அப்பாவைக் கட்டிவிட்டார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவிழ்க்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முடிச்சு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் கைக்கு எட்டாது. என் கைக்கு எட்டும். ஆனால் பக்கத்தில் பண்ணைக்காரர் ஆள் நின்றது. அவர்களாக அவிழ்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. என்னை எதிலும் எவனும் கட்டக் கூடாது என்று அன்றைக்கே எனக்குள் வந்துவிட்டது.

மகன் எழுந்து போய்க் கிரைண்டரை நிறுத்தினான். பிறகு, "வா" என்று காருக்குக் கூட்டிப்போனான். என்னை என் இடத்தில் உட்கார வைத்தான். பெல்ட்டை அவன் தொடவில்லை.

"நீயே இழு. நீயே மாட்டு."

இழுத்தேன். மாட்டினேன். இடுப்புப் பக்கம் டக்கென்று சத்தம் வந்தது.

"இப்ப அந்தச் செவப்புப் பட்டன அமுக்கு."

அமுக்கினேன். அது விட்டுவிட்டது. என் கை பக்கத்திலேயே, கட்டைவிரலுக்கு நேராக இருந்தது அந்தப் பட்டன். மறுபடி மாட்டினேன். மறுபடி அமுக்கினேன். அவன் போய் டீ குடித்துவிட்டு வரும்வரை மாட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தேன்.

"பட்டன பேத்துடாதமா" என்றான்.

சட்டம் சொல்கிறதென்று நான் போடவில்லை. அதை இன்றைக்கும் வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர், "எதுக்காகப் போட்டா என்ன, போட்டாச்சுல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்பார். ஊற்றுவேன். அவரோடு முழுக்க ஒத்துப்போய்விட்டேன் என்று அர்த்தமில்லை. போலீஸ்காரர் குனிந்து என் இடுப்பைப் பார்ப்பது இன்றும் எனக்குப் பிடிக்காது.

வளைகாப்பு நாள் வந்தது. முன்சீட்டில் பெல்ட்டு போட்டுத்தான் போனேன். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலில் பெல்ட்டு கட்டிக்கொண்டு போய் இறங்குவது எப்படி? அவர்களுக்குக் கொஞ்சம் கேலி வாய். அதனால் பட்டுப்புடவை முந்தானையை பெல்ட்டுக்கு மேலாகப் போட்டு மறைத்து, நழுவாமல் இருக்கத் தோளில் ஊக்கு குத்திக்கொண்டேன். கல்பாக்கம், கூவத்தூர் எல்லாம் தாண்டியும் முந்தானை அசையவில்லை. நல்ல யோசனைதான் என்று எனக்கே பெருமை.

கடப்பாக்கத்தில் வாசலில் எல்லாரும் நிற்கிறார்கள். சம்பந்தி ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். நான் பட்டனை அமுக்கினேன். கதவைத் திறந்து, மெதுவாக, நிமிர்ந்து இறங்கினேன். இரண்டு அடி வைத்ததும் யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால், ஊக்கு புடவையோடு பெல்ட்டையும் சேர்த்துக் குத்தியிருக்கிறது. பெல்ட்டு என்னோடு காரைவிட்டு வெளியே வந்து நிற்கிறது.

சம்பந்தி தட்டை இறக்காமலே சொன்னார்கள்: "இன்னா சம்பந்தி, காரையும் கையோட உள்ள இட்டுகினு வர்றீங்களா? வாசப்படி சின்னது."

தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டே வந்து ஊக்கைக் கழற்றினார். எனக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு பார்த்தால், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கும் அடக்க முடியவில்லை.

வளையல் போட்டு, கலவை சாதம் சாப்பிட்டு, கிளம்புகிற நேரம் வந்தது. மகளை எங்களோடு அழைத்துப் போகிறோம். அவள் காரிடம் வந்து தயங்கி நின்றாள்.

"யம்மா, பின்னால உக்காந்தா எனக்குக் கொமட்டுது."

மகன் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தான். அது என் இடம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் முன்கதவைத் திறந்தேன்.

"ஏறு" என்றேன்.

அவள் கை நிறைய வளையல் குலுங்க ஏறி உட்கார்ந்தாள். நானே பெல்ட்டை இழுத்தேன்.

"வயித்து மேல வேணாம்மா" என்றான் மகன். "கீழ, தொட பக்கமா இறக்கிக் கட்டு. வெளிநாட்டுப் பொம்பளைங்க அப்டிதான் போடுவாங்க."

வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டினேன். டக்கென்றது. பிறகு அவள் கையைப் பிடித்து அந்தச் சிவப்புப் பட்டன் மேல் வைத்தேன்.

"இது உன்கிட்டதான் கீது. எப்ப வேணும்னாலும் அமுக்கலாம். வூடு வர்ற வரிக்கும் அமுக்காத."

"இன்னாம்மா, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்ற."

நான் பின்னால் போய் ஏறினேன். பண்ணைக்காரர் காருக்குப் பிறகு அன்றுதான் நான் ஒரு காரின் பின்பக்கத்தில் வந்தேன். சீட்டின் மேல்தான் உட்கார்ந்தேன், நடுவில், நன்றாகச் சாய்ந்து. அங்கேயிருந்து பார்த்தால் ரோடும் தெரிந்தது, மகன் தலையும் மகள் தலைப் பூவும் தெரிந்தது. வண்டி கிளம்பியதும் என் கை தானாக இடுப்புப் பக்கம் போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

"ஏண்டா, பின்னால எங்கடா பெல்ட்டு?"

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சட்டம் முன்னாலதாம்மா."

"நல்ல சட்டம்" என்றேன்.

கடப்பாக்கம் தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் தலை முன்னால் போய்ப் போய் வந்தது. மூக்கு இப்போதுதான் ஆறி வருகிறது. நான் கையை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, அந்தப் பக்கத்துக் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மகாபலிபுரம் வரும்வரை எடுக்கவில்லை.