முதல் எடுத்த பூ

மழையில் நனைந்த தோல்பந்துக்கு ஒரு வாசனை உண்டு. சேறும் புல்லும் கோட்டுச் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் என் வலது காலின் பெருவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. எண்பதுகளின் நடுவில், ஜேர்மனியில் ஹனோவருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், அகதிகளுக்கான விடுதியில் நாங்கள் இருந்தோம். அதை எல்லோரும் "ஹைம்" என்றுதான் சொல்வோம். எனக்குப் பதின்மூன்று வயது. ஊர்ப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியில் தண்டனை உதை, அவர்களுடைய பேச்சில் "எல்ஃப்மீட்டர்", அடிக்கிற பொறுப்பு என்னுடையது. ஓட்டத்தில் நான்தான் கடைசி. ஆனால் நிற்கிற பந்தை நினைத்த மூலைக்கு அனுப்ப என்னை விட்டால் ஆளில்லை என்று பயிற்சியாளர் முடிவுகட்டியிருந்தார்.

பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னோக்கி நடக்கும்போது மைதானமே வாயை மூடிக்கொள்ளும். மற்றவர்கள் ஓடிக் களைத்ததெல்லாம் என் ஒரு காலில் வந்து நிற்கும். அந்தப் பாரம் போதாதென்று ஹைம்காரரும் தங்கள் பங்குக்கு ஏற்றிவிட்டார்கள்.

கோயிலில் "பூக்கட்டிப் பார்ப்பது" பலருக்கும் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமிக்கு முன்னால் வைத்து, சிறுபிள்ளை ஒன்றை ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். ஹைமில் எல்லோரும் ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், கோயிலோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. நான் கோல் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் மேல்மாடி அண்ணை ஒருவருக்கு வேலை அனுமதி கிடைத்ததுதான் தாமதம், "தங்கச்சி, ஒருக்கா என்ர விசயத்தை நினைச்சு அடியும்" என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "பிள்ளையின்ர கால் என்ன பிள்ளையார் கோயிலே?" என்று அப்பா எரிந்து விழுவார். அவரே தன் அகதி விசாரணைக்கு முந்திய ஞாயிறு நான் பந்தடிக்கப் போட்டுக்கொள்ளும் சப்பாத்தைத் துடைத்துத் தந்ததை நான் கவனிக்காமலில்லை.

யோகம் அக்கா பக்கத்து அறையில் தனியே இருந்தார். இலங்கையில் அவருடைய கணவரை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. யாரிடமும் எதுவும் கேட்காத அந்த அக்கா, போட்டிப் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று காலையில் குசினியில் அடுப்புக்கு முன்னால் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, இண்டைக்கு அவரை நினைச்சு அடிப்பியே?"

"ஓம்" என்றேன். அன்று எல்ஃப்மீட்டரே கிடைக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

கிடைத்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில், கொட்டுகிற மழையில். கோட்டுக்கு வெளியே யோகம் அக்கா குடையை மடக்கிவிட்டு நின்றார். இடது மூலைக்கு அடித்தேன். பந்து வலைக்குள் விழுந்தது. அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார். அந்தக் கணமே நடுவர் விசில் ஊதினார். நான் அடிக்குமுன் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தி கோலுக்கு முன்னால் கீறியிருந்த பெட்டிக்குள் கால் வைத்துவிட்டாளாம், திரும்ப அடிக்க வேண்டுமாம். இரண்டாம் தரமும் அடித்தேன். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. தோற்றோம்.

அழுதபடி வந்த என்னை அக்கா மறித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதுவரை கண்டதில்லை.

"ஏன் பிள்ளை அழுறாய்? முதல் எடுத்த பூதான் பூ. ரெண்டாந்தரம் எடுக்கிறேல்லை. அவர் இருக்கிறார்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அக்காவின் கணவர் வரவில்லை. அக்கா கொலோன் நகருக்குப் போய், உணவகக் குசினிகளில் வேலை செய்து, தனியாகவே வாழ்ந்தார். திவசம் செய்யச் சொன்னவர்களுக்கும் மறுமணம் பேசி வந்தவர்களுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "பிள்ளை அடிச்சது உள்ளுக்குப் போனது." அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். முதல் பந்தே வெளியே போயிருந்தால் அவர் அழுது தீர்த்து, வேறொரு வாழ்வைத் தொடங்கியிருப்பாரோ என்று எத்தனையோ தரம் மருகியிருக்கிறேன்.

இன்று ஹைமை இடித்துவிட்டார்கள். மைதானத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. பூக்கட்டிப் பார்க்க இங்கேயே கோயில்கள் இருக்கின்றன. என் காலைத் தேடி யாரும் வருவதில்லை. போன மாரியில் யோகம் அக்கா காலமானார். மயான மண்டபத்தில் அவருக்குச் சேலை உடுத்திவிட்ட பெண்கள் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். கணவர் உயிரோடிருக்கிற பெண்ணுக்குத்தான் குங்குமம் வைத்து அனுப்புவது வழக்கம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "நீர்தான் சொல்லவேணும்" என்று மூத்தவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். மண்டபம் வாயை மூடிக்கொண்டது. சப்பாத்துக்குள் என் பெருவிரல் மடங்கியது.

"வையுங்கோ" என்றேன். "முதல் பந்து உள்ளுக்குத்தான் போனது."