ஒயரில்லாத கியர்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மச்சினன், ஒயரே இல்லாமல் பட்டனில் கியர் மாறும் சைக்கிள் இரண்டு வாங்கி வந்தான். ஒன்று எனக்காம். சங்கரன்கோவிலில் மேடு என்றால் வேகத்தடைதான், அதற்கு எதுக்குடா இது என்றேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது அத்தான்." என் மாமனார் வீட்டில் எல்லோரும் எனக்குச் சொல்லும் பதில்தான்.

சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிடவும் விடவில்லை. ரெண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, போனைப் பார்த்துப் பார்த்து அவனே பட்டனையும் கியரையும் இணைத்தான்.

மறுநாள் காலையில் மேலநீலிதநல்லூர் ரோட்டில் எதிர்க்காற்று. பட்டனை அமுக்கினேன், என் கியர் மாறவில்லை. முன்னால் போன மச்சினனின் கால்கள் மட்டும் தையல் மிஷின் மாதிரி சுற்றின.

"அத்தான், இது தானா மாறுது!" என்று கத்திக்கொண்டே அவன் தன் பட்டனை அமுக்க, என் பெடல் செக்காகக் கனத்தது. என் பட்டனை அவன் சைக்கிளோடும், அவன் பட்டனை என் சைக்கிளோடும் இணைத்து வைத்திருக்கிறான், மேதாவி!

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் நான் சொல்லி ஒரு துரும்பும் அசைந்ததில்லை. ஊர் வந்து சேரும்வரை என் பட்டனை அமுக்கிக்கொண்டே வந்தேன்.